படியேறும் சத்தம்

நான் ஒரு கோலும் பார்த்ததில்லை.
சோஹார் கல்லூரியின் பந்தாட்டப் பிள்ளைகளை
நாலு வருஷமாய் ஏற்றி இறக்குகிறேன்.
மைதானத்துக்கு வெளியே, வேலியோரம்,
டீசல் மிச்சம் பிடிக்க ஏசியை அணைத்துவிட்டு
கதவைத் திறந்துவைத்து உட்கார்ந்திருப்பேன்.
விசில் மட்டும் வரும்.
மற்றதைப் படிக்கட்டு சொல்லும்.

தோற்றவன் படியைத் தேய்த்துக்கொண்டு ஏறுவான்.
ஜெயித்தவனுக்கு மூன்று படியும் ஒரே படி.
சமனில் முடிந்தால்
ஆளுக்கொரு விதமாய் ஏறுவார்கள், கணக்குப் பிடிபடாது.

அக்டோபர் முழுக்கத் தேய்த்தார்கள்.
ருஸ்தாக்கில் நாலு வாங்கினார்கள். நிஸ்வாவில் ஆறு.
இப்ரியில் எத்தனை என்று நான் கேட்கவில்லை.
கோல்கீப்பர் ஹைதம் கையுறையைக் கழற்றாமலே
சோஹார் வரை தூங்கினான்,
இல்லை, தூங்குகிற மாதிரி இருந்தான்.
பழைய கோச் அங்கிருந்தே டாக்சி பிடித்தார்.
அவர் சீட்டில் மறுவாரம்
பௌதிக லேபிலிருந்து ஒரு துனிசியாக்காரர், மொன்செஃப்.
மடியில் ஒரு கட்டு விடைத்தாள்.
போகிற வழியெல்லாம் திருத்திக்கொண்டே வந்தார்.
எனக்கே சிரிப்பு வந்தது.

நவம்பரில், ஸஹம் தாண்டி, வண்டி நின்றது.
ஓசூரில் செய்த லேலண்ட். நம்ம ஊர்க்காரன்தான்,
நேரம் பார்த்துக் காலை வாரினான்.
ராத்திரி பத்து மணி. லாரிகள் உரசிக்கொண்டு போக
பிள்ளைகள் இறங்கித் தள்ளினார்கள்.
பலூச்சிப் பையன் ஷெஹ்தாதும்
வீட்டில் ஸ்வாஹிலி பேசுகிற நாஸரும்
ஒருத்தனுக்கு ஒருத்தன் பந்தே தரமாட்டார்களாம்.
சொன்னவன் முஅத். சீசன் முழுக்க பெஞ்சில் இருப்பவன்,
அதனால் எல்லாம் தெரிந்தவன்.
அன்று இரண்டு பேரும் ஒரே பம்பருக்குத் தோள் கொடுத்தார்கள்.
"யல்லா" என்றார் வாத்தியார். வண்டி அசையவில்லை.
"ஐலசா" என்றேன் நான், ஸ்டீயரிங்கிலிருந்து.
அது என்ன பாஷை என்று யாரும் கேட்கவில்லை.
இருபது தொண்டை ஐலசா என்றது.

அதனால்தான் ஜெயித்தார்கள் என்று சொல்லமாட்டேன்.
பேட்டரி ஒயர் கழன்றிருந்தது, அவ்வளவுதான்.
ஆனால் அடுத்த வியாழன் ஷினாஸில்
வேலிக்கு அந்தப் பக்கமிருந்து,
விசிலுக்கு மேலாக,
தப்பான உச்சரிப்பில் வந்தது:
ஐலெஸா.
கையிலிருந்த கரக் சாயாவைத் தொடையில் கொட்டிக்கொண்டேன்.

அன்று சமன்.
அதற்குப் பிறகு படியில் யாரும் காலைத் தேய்க்கவில்லை.
சூரில் நாஸர் தந்து ஷெஹ்தாத் அடித்ததை
முஅத் ஃபோனில் காட்ட வந்தான்.
"வேண்டாம் தம்பி, வாயால் சொல்லு" என்றேன்.
பெஞ்சில் இருந்தே அவன் குரல் கட்டியிருந்தது.

அரையிறுதி பெனால்டிக்குப் போனது.
பத்து நிமிஷம் சத்தமே இல்லை.
சலித்துப்போய் டயரை உதைத்துப் பார்த்தேன்,
நாலு டயரையும், இரண்டு முறை.
பிறகு ஹைதம் தனியாக ஓடிவந்தான்.
ஒரே தாவலில் மேலே ஏறி
கையுறை ஒன்றை என் ஸ்டீயரிங்கில் மாட்டிவிட்டு
ஒன்றும் சொல்லாமல் திரும்பி ஓடினான்.
ஈரமாய் இருந்தது. இன்னும் காய்கிறது.

நாளை இறுதி ஆட்டம். ஸீபில், பெரிய ஸ்டேடியம்.
வாத்தியார் எனக்கும் ஒரு பாஸ் வாங்கியிருக்கிறார்.
ஞானதிரவியம் என்ற பெயர்
அரபியில் பாதிதான் ஏறியிருக்கிறது.
பொறுப்பு என்ற இடத்தில் மருத்துவ உதவி.
வேறு கட்டம் எதுவும் காலியில்லையாம்.
"யாருக்காவது கால் பிசகினால்?" என்றேன்.
"வண்டியை எடு" என்றார்.

போகலாம். போகாமலும் இருக்கலாம்.
உள்ளே போய்விட்டால்
முதல் ஆள் ஏறும்போது இந்த சீட் காலியாக இருக்கும்.
இந்த ஒரு கணக்கு மட்டும் உதைக்கிறது.
பாஸை சன்வைசரில் செருகிவைத்திருக்கிறேன்.

மணி பதினொன்று. வண்டியைக் கழுவி முடித்தாயிற்று.
இரண்டாம் படியில் ரப்பர் ஓரம் பெயர்ந்திருக்கிறது.
தாவி ஏறுகிறவனைத் தடுக்கும்.
ஸ்க்ரூடிரைவரை எங்கே வைத்தேன்?